கண்டிட்டன் என்று போட்டது யார்

றொசாந்தன் அத்தான், அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கொடுத்த பற்றிஸ் நல்ல ருசியாம். சியாம் படம் அனுப்பியிருந்தான். ஒரு தட்டில் பற்றிஸ், ஒரு தட்டில் கப்பல் வாழைப்பழம். பின்னால் கதிரையில் அருளப்பு மாமா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். படலைக்கு வெளியே இரண்டு கழுதைகள், எச்சில் இலைக்குக் காத்து நிற்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

பூசைக்கு இரண்டு நாள் முன்னம் நீங்கள் எனக்கு மது அக்காவைப் பற்றி இரண்டு வரி அனுப்பியிருந்தீர்கள். "தம்பி, அண்டைக்கு மதுவின்ர பேரில கண்டிட்டன் எண்டு போட்டது ஆர்? நான் இல்லையெண்டு நீயாவது அவளுக்குச் சொல்லு." பதில் எழுதப் பிந்திவிட்டது. கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவேன். அதனால் வேலை முடிந்து அறைக்கு நடக்கும்போது வாயால் சொல்லிப் போனை எழுத விடுகிறேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபத்தில் செய்கிற வேலையில் பிழை வரும். நான் செய்த வேலையில் ஒரு பிழையும் வரவில்லை.

நீங்கள் நறுவிலிக்குளத்துக்காரர். உங்கள் பக்கம் பிள்ளைகள் வயலோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் மன்னார்த் தீவில் வீட்டுக்கு இரண்டு பேர் வெளிநாட்டில். அதனால் செத்தவீடு என்றால் முதலில் பந்தல், அடுத்தது லைவ். பெரியம்மாவின் மகன் சியாம் போனைத் தடியில் கட்டிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நிற்பான். அவன் போன் அனுப்புகிற வீடியோ நான் வைத்திருக்கும் சேர்வருக்கு வரும். டோகாவில் எனக்குச் சோறு போடுகிற கம்பனியும் சேர்வர் பார்க்கிற கம்பனிதான். ஊருக்கென்று ஒரு சின்னச் சேர்வரை நான் தனியாக வைத்திருக்கிறேன். அங்கேயிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் பிரான்சுக்கும் போகும். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு லிங்க். ஒரு லிங்க் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் திறக்கும். அதுவும் நான் வைத்த ஒழுங்கு.

இரண்டு வருசத்துக்கு முன் அயல்வீட்டுப் பிரான்சிஸ்கா அக்காவின் தகப்பன் செத்தபோது ஒரு பிழை வந்தது. ரொறன்ரோவில் இருந்த மகனுக்கு வீடியோ வரவில்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் வந்தன. அவர் எனக்குப் போன் எடுத்துக் கத்தினார். நான் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன். கொன்ரென்ற் ரைப் பிழை.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிற வெள்ளை றெஜிபோம் மீன்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன மீன் என்று மூடியில் எழுதியிருக்கும். கொழும்பில் இறக்குகிறவன் திறந்து பார்க்கமாட்டான், எழுத்தைத்தான் பார்ப்பான். சேர்வரும் அப்படித்தான். எதை அனுப்பினாலும் மேலே ஒரு துண்டு வைத்து அனுப்பும். இது படம், இது வீடியோ, இது வெறும் எழுத்து. போன் அந்தத் துண்டை நம்பும். உள்ளே வீடியோவுக்குரியது இருந்தாலும், துண்டில் எழுத்து என்று இருந்தால் எழுத்தாகவே காட்டும். உள்ளே இருக்கிற சாமானில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. மேலே இருக்கிற பெயர் மட்டும்தான் பிழை.

அன்றைக்கு அது என் கவனக்குறைவு. சேர்வரைப் புதுப்பிக்கும்போது ரைப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டுப்போனது. நாலு நிமிசத்தில் திருத்தினேன். ஆனால் அதற்குள் பெட்டியை மூடித் திருகாணியும் போட்டுவிட்டார்கள். ரொறன்ரோக்காரர் போனில் ஆம்பிளை அழக்கூடாத மாதிரி அழுதார். கோயில் மூப்பர் என்ற முறையில் அருளப்பு மாமா திருகாணியைக் கழற்றச் சொன்னார். மகன் முகம் பார்த்தார். பிறகுதான் கோயிலுக்கு எடுத்தார்கள்.

அன்றையிலிருந்து ஊரில் ஒரு வழக்கம். மூடி மாமாவின் கையில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயரை மூப்புப்படி ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். "கனடாவில இருக்கிற மகன், முகம் பாருங்கோ." சியாம் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோவான். வீடியோவுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் அந்தப் பிள்ளை "கண்டிட்டன்" என்று எழுதவேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் அடுத்த பெயர். எல்லாரும் கண்டபிறகுதான் மூடி. வெயில் என்றாலும் சரி, ஃபாதர் கோயிலில் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

சியாம் எனக்குச் சேர்வர் மூப்பர் என்று பட்டம் வைத்தான். "இனி எங்கட ஊரில செத்தாலும் டிலோஜனைக் கேட்டுத்தான் மூடவேணும்" என்று பகிடி விட்டான். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தா. அவவுக்குப் பாரிசவாதம் வருவதற்கு முந்திய சிரிப்பு அது.

பாரிசவாதம் வந்தபிறகு வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மாவுக்கு அது பெரிய வெட்கம். கோயிலுக்குப் போனால் சீலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு இருப்பா. மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தா. "அண்ணை, நான் செத்தா இந்தக் கோணல் முகத்தை ஒருத்தரும் படமெடுத்து வைச்சிருக்கக்கூடாது. பிள்ளையள் ஒருக்காப் பாத்தாக் காணும்." என்னிடமும் சொல்லியிருந்தா. லைவில் போவது சேர்வரில் பதிவாகும் என்று சொன்னேன். எத்தனை நாள் கிடக்கும் என்று கேட்டா. எல்லாருடையதும் முப்பத்தோராம் நாளோடு தானாக அழிகிறமாதிரித்தான் வைத்திருக்கிறேன், இடம் காணாது என்றேன். "அது நல்லது. பூசையோட முடியட்டும்" என்றா.

அக்கா உங்களோடு பிரான்சுக்கு வந்து ஒன்பது வருசம். அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். குளிக்கவார்த்தது நான், பெரியம்மா வராத நாளில். டோகாவுக்கு வந்த பதினாலு மாதமும் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தது நான். எடுத்தால் அம்மா என்ன சொல்லுவா தெரியுமா அத்தான்?

"சாப்பிட்டியோ? சரி, வை தம்பி. மதுவின்ர போன் வரும், லைன் கிடைக்காட்டிப் பிள்ளை ஏங்கிப்போவாள்."

மது ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள். பூசை முடிந்து, ஏழு நிமிசம். அம்மா அதைக் கிழமை முழுதும் காத்திருந்தா. மீன் சந்தையில், பஸ்ஸில், ஆசுப்பத்திரி வரிசையில், முன்னால் நிற்கிறவரிடம் "என்ர பிள்ளை பிரான்சில" என்பா. டோகாவில் ஒன்று இருக்கிறதென்று கேட்டால் சொல்லுவா. கேட்டால்தான்.

அம்மா சாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, நான் எடுத்தேன். குரல் களைத்திருந்தது. "பிறகு எடு தம்பி, மது எடுப்பாள்" என்றா. அதுதான் அம்மா எனக்குக் கடைசியாகச் சொன்னது. அன்று மது எடுக்கவில்லை. பிறகு நான் கிருஷிகாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கிருஷிகா சியாமின் தங்கைச்சி, அம்மாவோடு அந்தக் கடைசி நாட்களில் நின்றவள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிய அம்மா செத்தா. நான் லீவு கேட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் அஸாம் நானாவும் மன்னார்தான், எருக்கலம்பிட்டிக்காரர். நல்ல மனுசன். என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"தம்பி, ரெண்டு பேர் ஏற்கெனவே லீவில. நீயும் போனா ஷிஃப்ற் ஆர் பாக்கிறது? உங்கட ஊரிலதான் லைவ் இருக்கே, நீதானே செய்தது. என்ர போனிலயும் காட்டினாய். அதில பாருடா வாப்பா."

அவர் சொன்னது உண்மை. நான் பெருமையடித்துக் காட்டியதுதான்.

அக்கா அன்றைக்கே எடுத்தாள். "தம்பி, என்னால வரேலாது. ஏனெண்டு பிறகு சொல்லுறன்" என்றாள். சரி அக்கா என்றேன். அவளிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. ஒருவரையும் கேட்காமல் பிளேன் ஏறலாம். எனக்குப் பாஸ்போட்டும் லீவும் இன்னொருவர் கையில். வரமுடிந்தவள் வரவில்லை, வரத்துடித்தவனை விடவில்லை. இதைத் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று நீங்களே சொல்லுங்கோ. பிறகு அவள் மூன்று குரல்பதிவுகள் போட்டாள். ஒவ்வொன்றும் நீளம். நான் கேட்கவில்லை. சாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்க அந்த நேரத்தில் எனக்கு மனமில்லை.

புதன்கிழமை நான் சேர்வரில் இரண்டு வரி எழுதினேன்.

முதலாவது வரி, மதுஷிகாவின் லிங்குக்கு மட்டும். அதில் வருவது வீடியோ இல்லை, வெறும் எழுத்து என்று துண்டு வைக்கச் சொன்னது. இரண்டாவது வரியைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாக இருக்கும். சில போன்கள் கெட்டித்தனமானவை. துண்டு பிழையாக இருந்தாலும் உள்ளே எட்டிப்பார்த்து, இது வீடியோவாக இருக்கும்போல என்று ஊகித்துக்கொள்ளும். இரண்டாவது வரி அந்த ஊகத்தைத் தடுக்கிறது. துண்டில் உள்ளதை மட்டும் நம்பு என்று போனுக்குச் சொல்லுகிறது. ஒரு வரி மட்டும் என்றால் கைதவறி என்று சொல்லலாம். இரண்டாவது வரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பெட்டியைக் கோயிலுக்கு எடுக்கிறதாக இருந்தது. உங்களுக்குக் காலை பத்தரை. ஆட்கள் கூடினால் சேர்வர் தாங்காது என்று சொல்லி அக்காவுக்கு லிங்கை இருபது நிமிசம் முன்னம்தான் அனுப்பினேன். உடனே எடுத்தாள்.

"தம்பி, எழுத்துத்தான் வருது. அம்மாவைக் காணேல்ல."

"என்ன எழுத்து அக்கா? வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தாள். அதுவொரு பட்டியல், அத்தான். லைவ் வீடியோ ஒரே துண்டாக வருவதில்லை. ஆறு விநாடி, ஆறு விநாடியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் போட்டு, அந்த இலக்கங்களின் பட்டியலைத்தான் முதலில் அனுப்பும். போன் அதைப் பார்த்துத் துண்டுகளை எடுத்து ஓட்டும். என் வேலையில் முதல் வரியைக் கேட்டவுடனே என்ன பிழை என்று விளங்கிவிடும். நான் அவளை முழுதும் வாசிக்கவிட்டேன். நானூற்றிப் பன்னிரண்டு. நானூற்றிப் பதின்மூன்று. நானூற்றிப் பதினாலு. ஒவ்வொரு இலக்கமும் அம்மாவின் ஆறு விநாடி. அவள் அம்மாவைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது.

"மற்றாக்களுக்குத் தெரியுதாம். லண்டன் மச்சாள் தெளிவாத் தெரியுது எண்டுறா. என்ர போன்தான் பிழையோ? இவரும் வேலையில."

"அப்பிடித்தான் இருக்கும் அக்கா. பதறாதேங்கோ. பக்கத்தை மூடித் திரும்பத் திறவுங்கோ."

திறந்தாள். எழுத்து. வைஃபையை நிப்பாட்டச் சொன்னேன். எழுத்து. பழைய தடயங்களை அழிக்கச் சொன்னேன், எங்கே அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அவசரத்தில் வேறொன்றை அழுத்திவிட்டாள். "எனக்கொண்டும் தெரியாது தம்பி, நான் ஒரு மோடு" என்றாள். பரவாயில்லை அக்கா என்றேன். இடையில் கிருஷிகாவுக்கு ஏழு தரம் எடுத்திருக்கிறாள். அம்மாவின் சொல்லுக்காக மாமா பெட்டியடியில் வேறு போனை விடவில்லை. கிருஷிகாவின் போன் அறைக்குள் அலுமாரியில் கிடந்தது.

கம்பனியில் நான் ஒரு நாளைக்கு இருபது பேரோடு இப்படிக் கதைக்கிறேன். பொறுமையாகக் கதைப்பதற்காகப் போன வருசம் பாராட்டிதழ் தந்தார்கள். அக்காவோடு கதைத்த அளவு பொறுமையாக நான் ஒருவரோடும் கதைத்ததில்லை.

எழுதும் பெட்டியில் சியாமின் வரி வந்தது. மாமா மது அக்காவைக் கூப்பிடுகிறாராம்.

"அக்கா, கடைசியா ஒரு வழி. போனை முழுதா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ."

"அதுக்குள்ள மூடிப்போடுவினம் தம்பி."

"மூடமாட்டினம். நான் மாமாவிட்ட நிப்பாட்டச் சொல்லுறன். என்னை நம்புங்கோ."

அவள் போனை அணைத்தாள். ஒரு போன் அணைந்து எழும்ப ஒன்றரை நிமிசம் எடுக்கும். சேர்வர் என்னுடையது. எந்தப் பெயரிலும் நான் எழுதலாம். மதுஷிகா என்ற பெயரில், கண்டிட்டன் என்று எழுதினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான், அத்தான். நீங்கள் இல்லை. நான்.

அவள் திரும்ப எடுத்தபோது மூடியாயிற்று. "மூடிப்போட்டினமோ?" என்று கேட்டாள். ஓம் அக்கா, ஃபாதர் கோயிலில் பார்த்துக்கொண்டிருந்தவராம் என்றேன். அவள் அழவில்லை. "சரி தம்பி, நீ எவ்வளவு பாடுபட்டாய்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எடுத்தாள். குரல் வேறுமாதிரி இருந்தது.

"தம்பி, நான் கண்டிட்டன் எண்டு போட்டதாம். மாமா சொல்லுறார், சியாம் சொல்லுறான். அம்மாவாணை நான் போடேல்ல. உனக்குத் தெரியும்தானே, போன் ஓஃபில கிடந்தது. ஆர் போட்டது?"

நான் தேடுகிற மாதிரிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "சேர்வரில பாத்தனான் அக்கா. பிரான்சில, பரிசில இருந்துதான் போயிருக்கு."

அக்கா சொன்னாள்: "அப்ப இவர்தான். வயித்துப்பிள்ளைக்காரி பிரேதம் பாக்கக்கூடாதெண்டு இவற்ற தாய் நறுவிலிக்குளத்தில இருந்து எடுத்துச் சொன்னவ. என்ர போன் ஓஃபில கிடக்கேக்க, நான் அனுப்பின லிங்கைத் தன்ர போனில திறந்து போட்டிருக்கிறார்."

அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"ஏழு. ரெண்டு தரம் கலைஞ்சது உனக்குத் தெரியும்தானே. டொக்டர் பிளேன் ஏறவே கூடாது எண்டிட்டார். அதுதான் வரேல்ல. அம்மாவுக்குச் சொன்னா ஏங்குவா எண்டு அவவுக்கும் சொல்லேல்ல. உனக்கு வொய்ஸ் போட்டனான், கேக்கேல்லையோ?"

"கேட்டனான் அக்கா" என்றேன்.

நீங்கள் அன்றிலிருந்து வரவேற்பறையில் படுப்பதாகக் கிருஷிகா சொன்னாள். அக்கா உங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். அதற்கு நான் வருந்துகிறேன். உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பரிசில் வேறு ஆள் இருந்திருந்தால் வேறு ஆளாகியிருக்கும்.

பதிவு சேர்வரில் இருந்தது. அதை அக்கா கேட்டாள். ஒன்பதாம் நாள் கேட்டாள், பதினைந்தாம் நாள் கேட்டாள், இருபத்திரண்டாம் நாள் கேட்டாள். பிள்ளைப்பேற்றுக்கு முதல் ஒருக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றாள். நான் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. "ரைப் பிழைபோல கிடக்கு அக்கா, பாக்கிறன்" என்றேன். ரைப் பிழைதான். அந்தப் பதிவில் ஒரு புள்ளியை நான் தொட்டதில்லை, ஒரு விநாடியை வெட்டியதில்லை. மேலே இருந்த துண்டு மட்டும்தான் பிழை. இரண்டு வரியை எடுத்துவிட்டால் அம்மா வந்துவிடுவா.

நான் ஒரேயொரு வசனத்துக்காகக் காத்திருந்தேன். நான் வந்திருக்கவேணும் தம்பி, நீதான் அம்மாவைப் பாத்தனீ என்று அவள் சொல்லவேண்டும். டொக்டர் சொன்னதெல்லாம் சரி. அந்த ஏழு மாதத்துக்கு முன் ஒன்பது வருசம் இருக்கிறது. அதற்கு எந்த டொக்டர் தடை? அவள் அதைச் சொன்ன அன்றே நான் திருத்தியிருப்பேன், நாலு நிமிச வேலை. நான் கேட்டு வாங்க விரும்பவில்லை. தானாகச் சொல்லவேண்டும். அவள் வேறு எல்லாம் சொன்னாள். பிள்ளை உதைப்பதைச் சொன்னாள், பரிசில் குளிர் என்று சொன்னாள், நீ மெலிந்துபோனாய் என்று சொன்னாள்.

முப்பதாம் நாள் எடுத்தாள்.

"தம்பி, நீ இதோட மினக்கெடாத. வேலையும் பாத்து இதையும் பாத்து நீ பாவம். வீடியோ வேண்டாம். நீ பாத்தாய்தானே. அம்மாவின்ர முகம் எப்பிடி இருந்ததெண்டு எனக்குச் சொல்லு. காணும்."

நான் கொஞ்சம் யோசித்தேன்.

"நித்திரை மாதிரி இருந்தது அக்கா."

"வாய்?"

"வாய் நேராத்தான் இருந்தது."

"நேராவோ? கோணல் இல்லையோ தம்பி?"

"இல்லை அக்கா. முந்தினமாதிரி. சிரிக்கப்போறமாதிரி."

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாளும் அழாத அழுகை. "எனக்கு அது காணும் தம்பி, அம்மா அந்த வெட்கத்தோட போகேல்ல, அது காணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நீங்கள் பக்கத்து அறையில் கேட்டிருப்பீர்கள்.

இதில் உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்காது. மாமா மது அக்காவைக் கூப்பிட, நான் அவள் பெயரில் எழுதினேனே. அடுத்தது மூப்புப்படி என் பெயர். எழுதும் பெட்டி மட்டும்தான் என் திரையில் முன்னுக்கு இருந்தது, வீடியோ பின்னால் எங்கேயோ கிடந்தது. அக்காவின் போன் எழும்புவதற்குள் முடிக்கவேண்டியிருந்தது. "டிலோ, நீ?" என்று சியாம் எழுதினான். கண்டிட்டன் என்று எழுதினேன். அதுவும் பொய். பதிவு இருக்கிறதுதானே, ஆறுதலாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என் லிங்கில் ஒரு பிழையும் இல்லை, தொட்டால் திறக்கும். முப்பது நாளும் தொடவில்லை. முதலில் அக்கா அந்த வசனத்தைச் சொல்லட்டும், பிறகு பார்ப்போம் என்று வைத்திருந்தேன்.

அன்று அவளோடு கதைத்துவிட்டு வைத்தபோது, இனி நானாவது பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. வேலைக் களை. விடிய எழும்பிப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். சேர்வரின் மணிக்கூடு லண்டன் நேரத்தில் ஓடுகிறது. அங்கே முப்பத்தோராம் நாள் பிறந்தபோது மன்னாரில் விடிய ஐந்தரை. கோயிலில் அம்மாவின் பூசைக்கு மணி அடித்திருப்பார்கள். நான் எழும்பிப் பார்த்தபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிழைச் செய்திகூட இல்லை. வெறும் வெள்ளை.

நான் அழிக்கவில்லை. அது தானாக அழிகிற ஒழுங்கு. அம்மாவும் அதைத்தான் விரும்பினா. அவவின் சொல்லைக் காப்பாற்றிய ஒரே பிள்ளை நான்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இதை அக்காவுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம், காட்டாமல் விடலாம். உங்கள் பெயர் துப்புரவாகவேண்டும் என்றுதான் எழுதினேன். ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். அம்மாவின் சொல்லை மீறி யாராவது களவாக ஒரு படம் எடுத்திருப்பார்கள், நூறு பேர் வந்த செத்தவீடு. சியாமிடம் நான் கேட்டால் நீதான் கண்டனீயே, உனக்கேன் என்பான். நீங்கள் கேட்டுப் பாருங்கோ. கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கோ, எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்காக இல்லை. வாய் நேராக இருந்தது என்று அக்காவுக்குச் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான்.